இடது கன்னம்

“வேற மூஞ்சி கெடைக்கலண்ணே. அதான் சும்மா நின்ன உங்களையே பாத்து வரைஞ்சிட்டேன்” என்று சிரித்தான் பெயிண்டர் சூசை.

புகையிலைக் கம்பெனி வேனின் பின்கதவில் எச்சரிக்கைப் படம் ஈரமாக மின்னியது. அரசு உத்தரவு, அது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. படத்தில் இருந்தது டிரைவர் சுடலைமணியேதான். இடது கன்னத்தில் மட்டும் சிவப்பாக ஒரு ஓட்டை.

சுடலைமணியின் நாக்கு, ஒதுக்கியிருந்த புகையிலையைத் தள்ளிக்கொண்டு போய், இடப்பக்கம் ஆறாமல் கிடக்கும் புண்ணைத் தொட்டது. அதை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

“புண்ணை ஏம்ல அங்க வச்ச?”

“பிரஷ் போன இடம்ணே.” சூசை ஆர்வமாகத் துணியை எடுத்தான். “பிடிக்கலைன்னா தொடச்சிட்டு வலப்பக்கம் மாத்திரட்டா? என்ன நெனைக்கீங்க?”