முன்னால் ஒரு புள்ளி

கணினியில் ஒரு நிரல் எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால், ‘விச்’ என்று அடித்து அதன் பெயரைக் கொடுப்போம். இருந்தால் இடத்தைச் சொல்லும். இல்லாவிட்டால் வாயே திறக்காது.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே அலுவலகம். வீட்டுச் சாவியைப் பையில் போடாமல் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்து எங்காவது விட்டுவிடுவார். “விச் சாவின்னு அடிச்சுப் பாருங்களேன்” என்று கிண்டல் செய்வேன். அவர் இறந்த அன்று தொலைந்த சாவி கிடைக்கவே இல்லை. பூட்டையே மாற்றினேன்.

அதன்பிறகு மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், விச் என்று அடித்து, நான் அவரைக் கூப்பிடும் செல்லப்பெயரைக் கொடுப்பேன். அப்படியொரு நிரலே கிடையாது. திரை பேசாமல் இருக்கும். கூப்பிட்டாயிற்று என்ற நிம்மதியில் நானும் சாப்பிடப் போவேன்.

இன்று பதில் வந்தது. ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அப்புறம் அந்தப் பெயர். முன்னால் புள்ளி இருந்தால், நாம் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, பக்கத்து மேசைப் பெண் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். என் விசைப்பலகையின் ஓரத்திலிருந்து எதையோ எடுத்தாள்.

“அக்கா, உங்க சாவியா இது? சூடா இருக்கே. இவ்வளவு நேரம் கையிலேயே வச்சிருந்தீங்களா?”