இரண்டு விரற்கடை

சண்டை வந்தால் பூரணியின் மோவாயைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவது அவள் கணவன் ராசப்பனின் பன்னிரண்டு வருடப் பழக்கம். துருத்திக்கொண்டிருந்த அந்தக் கீழ்த்தாடை அவன் விரல்களுக்கு அத்தனை வாகாக இருந்தது. சோற்றை மென்று தின்ன முடியாமல் அவள் பட்ட பாட்டைப் பார்த்து, டாக்டர் எலும்பை அறுத்து உள்ளே தள்ளி வைத்தார். எட்டு மாதத்தில் வீக்கமெல்லாம் வடிந்து, உதடு உள்வாங்கி, கன்னம் அடங்கி, கண்ணாடியில் அழகான ஒருத்தி வந்து நின்றாள். அவளிடம் ராசப்பன் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசினான். சொன்ன சாமானையெல்லாம் மறக்காமல் வாங்கி வந்தான். சண்டைக்கு வழியே இல்லை.

இன்று பால் வாங்க மறந்துவிட்டான். பூரணி விடவில்லை. "எட்டு மாசமா மனச எங்க வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

அவன் வந்து எதிரே குந்தினான். "தப்புதான். கோவிச்சுக்காத, என் கண்ணுல்ல" என்று கையை நீட்டினான். பழைய மோவாய் இருந்த இடத்தில், வெறுங்காற்றில், விரல்கள் குவிந்து நின்றன. இரண்டு விரற்கடை தள்ளி அவள் புதுமுகம் இருந்தது. அதற்கு மேலே போக அவன் கை தயங்கியது.

பூரணி கண்களை மூடிக்கொண்டு முகத்தை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மோவாய் மரத்தே கிடந்தது. ஈ உட்கார்ந்தால்கூடத் தெரியாது.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"தொட்டுட்டீங்களா?"