ஹெல்முட்டின் கன்னம்

ஜெர்மனியிலிருந்து இறக்கிய அந்தப் பழைய கார் ஓடாது என்று தெரிந்தேதான் யுகேந்திரன் வாங்கினார். முதல் உரிமையாளரின் முகத்தைக் கண்டால்தான் அது கிளம்பும். வேறு முகத்தைப் பதிந்து தரவேண்டிய கம்பெனியை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. எனவே அந்த உரிமையாளரான தொண்ணூறு வயது ஹெல்முட்டையும், சுங்கத்தில் உதிரிபாகம் என்று எழுதிக்கொடுத்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தார்.

கார் ஹெல்முட்டை அடையாளம் காணவில்லை. அவர் அதை வாங்கிய காலத்தில் இருந்த நிறைந்த கன்னம் இப்போது அவருக்கு இல்லை.

யுகேந்திரன் பழுதுபார்க்கத் தொடங்கினார். புதுப் பல்செட், தலைக்குச் சாயம், வேளாவேளைக்கு நெய் ஊற்றிய அரிசி பருப்புச் சாதம். கிழவர் தும்மினால்கூட டாக்டர் வந்தார்.

"இத்தன வருசத்துல மாமாவுக்கு ஒரு வாய் ஊட்டி உட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி கயல்.

"அப்பா மூஞ்சியக் காட்டுனா இந்தக் கார் கெளம்புமா?" என்றார் யுகேந்திரன்.

நாலாம் மாதம் ஹெல்முட்டின் கன்னம் நிறைந்தது, கார் கிளம்பியது. இருவரும் காரில் போகும் படம் ஊரெல்லாம் பரவியது. மறுநாள் முதியோர் இல்லத்திலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"கண்ணு, என்ற காரை வித்தியல்ல, அது இப்ப எந்த நாட்டுல கெடக்குதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு. வாங்குனவங்க என்னையத் தேடிட்டு இருப்பாங்க."