ஜனங்கள் தப்பாகக் கேட்ட பாட்டு

அந்தப் பாட்டு வெளிவருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே, அது ஏன் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது என்று ஆய்வேடு எழுதி, அருள்மேரி டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். வெகுசன இசைத் துறையில் இப்போது எல்லாரும் அப்படித்தான். எது ஹிட்டாகும் என்று கணினியே முன்கூட்டிச் சொல்லிவிடும்போது, பாட்டு வரட்டும் என்று காத்திருப்பவன் சோம்பேறி.

போன வெள்ளிக்கிழமை பாட்டு வந்தது. ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆய்வுல தப்பே இல்லம்மா," என்றார் நெறியாளர் தாணுமூர்த்தி. "ஜனங்கதான் தப்பாக் கேக்காங்க. யாராவது ஒருத்தர் தானா முணுமுணுக்கதப் பதிவு பண்ணிக் கொண்டாங்க. இல்லன்னா பட்டத்தத் திருப்பிக் கேப்பாங்க."

பாளையங்கோட்டை டவுன் பஸ்ஸில் அருள்மேரி பாடினாள். ரேஷன் கடை வரிசையில் பாடினாள், வரிசைதான் குறைந்தது. வீட்டில் கணவன் சகாயம் கையெடுத்துக் கும்பிட்டான். "சோத்துல பெசஞ்சு குடு, தின்னுருதேன். வாய்லதான் வரமாட்டேங்கு, மேரி!"

ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறைக்குள் அவன் பாடும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமல், தானாக! போனில் பதிவை அமுக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கதவோரம் நின்றாள்.

அவளுடைய பாட்டு இல்லை. 'இதை ஒருவரும் பாட மாட்டார்கள்' என்று ஆய்வேட்டின் நான்காம் இயலில் அறுபது பக்கத்துக்கு அவள் நிரூபித்திருந்த பாட்டு.

எரிச்சலோடு பதிவை நிறுத்தினாள். பிறகு போட்டுக் கேட்டால், இரண்டாம் அடியிலிருந்து அதில் இரண்டு குரல்கள் இருந்தன. இரண்டாவது, டாக்டர் அருள்மேரியுடையது.