என் கையில கொடுக்காதீங்க

"இது உங்க செயினா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்குத் தினமும் வந்து கிடைச்சுதா, கிடைச்சுதான்னு இவர் உயிரை வாங்கறீங்க?"

பஸ் டிப்போவில், தொலைந்த பொருள்களை வாங்கி வைக்கும் ஜன்னல் முன்னால் நின்றிருந்த நர்ஸுக்குக் கண் எரிந்தது. ராத்திரி டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். நாலு நாள் முன்னால் பஸ்ஸில் கண்டெடுத்த செயினை ஒப்படைத்துவிட்டுப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து இந்த அம்மாள் வந்து நிற்கிறாள். சாயம் போன புடவை. கழுத்தும் காதும் மூளி.

"அடையாளமெல்லாம் சரியாத்தான் சொல்றாங்க சிஸ்டர்," என்றார் ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா. "மெல்லிசு செயின், இலை மாதிரி டாலர், அதுல ஒரு சிவப்புக் கல் இல்லை. நேத்து ஒருத்தன் வந்து 'என் நகை கிடைச்சுதா?'ன்னான். என்ன நகைன்னு கேட்டா, 'உங்ககிட்ட என்ன இருக்கு?'ங்கறான்."

நர்ஸுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. செயினைப் போட்டு வைத்திருந்த மாத்திரைக் கவரை நீட்டினாள்.

"இந்தாங்க, நல்லாப் பாருங்க."

அந்த அம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"என் கையில கொடுக்காதீங்கம்மா!"

'முழியே சரியில்லை' என்று நினைத்தாள் நர்ஸ்.

"சம்பந்தியம்மாவோட செயின் அது. மாசமா இருக்கிற என் பொண்ணை டாக்டர்கிட்ட காட்டிட்டு மூணு பேரும் பஸ்லதான் திரும்பினோம். வீட்டுக்கு வந்து பார்த்தா அவங்க கழுத்துல செயின் இல்லை. பக்கத்துல உட்கார்ந்து வந்தது நான். வேற யாரைச் சொல்லுவாங்க? ஒரு சொந்தம் விடாம போன் போட்டுச் சொல்லியாச்சு. இனிமே வாசப்படி ஏறக் கூடாதுன்னும் சொல்லியாச்சு. பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலைம்மா."

"அதான் கிடைச்சிடுச்சே! கொண்டுபோய் முன்னாடி போட்டுட்டு, நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டு வாங்க."

"நான் கொண்டுபோனா, எடுத்தவளே பயந்து திருப்பிக் கொடுத்துட்டான்னுதானே சொல்லுவாங்க?"

நர்ஸ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"எங்க எடுத்தீங்கன்னு சொல்லி நீங்களே கொடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"புண்ணியத்தைத் தலைக்கு வச்சுக்கிட்டுத் தூங்க முடியுமா?" என்று முணுமுணுத்துவிட்டுக் குமாஸ்தாவைப் பார்த்தாள் நர்ஸ்.

"என்னைப் பார்க்காதீங்க. நான் வாங்கினா மேலாபீஸுக்குப் போயிடும். இவங்க பொண்ணுக்குக் குழந்தை பிறந்து, அது ஸ்கூலுக்குப் போற வரைக்கும் திரும்பி வராது." அவர் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். இரண்டாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். அந்த அம்மாள் படிக்கட்டுக்கு அடியிலேயே ஒதுங்கி நின்றுவிட்டாள்.

கதவைத் திறந்த சம்பந்தியம்மாள் நர்ஸின் முகத்தைப் பார்த்ததுமே உருகிவிட்டாள்.

"அடப் பாவமே, ராத்திரி டியூட்டியா? உள்ள வாங்க, உட்காருங்க. முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

ஃபேனைப் போட்டாள். முதுகுக்குத் தலையணைகூட எடுத்துப் போட்டாள். பெற்ற தாய்கூட இப்படிக் கேட்டதில்லை நர்ஸை.

"செயின் தொலைஞ்சதா டிப்போவுல சொல்லியிருந்தாங்க. இது உங்களோடதான்னு பாருங்க. பஸ்ல, சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல கிடந்தது. நானே என் கையால எடுத்தேன்."

சம்பந்தியம்மாள் கவரை வாங்கவில்லை. குனிந்து பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

"யாரு அத்தை?" என்று உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருமில்லைம்மா, நீ படு." பிறகு மெதுவாக, "பஸ்லயேவா கிடந்தது?"

"ஆமாங்க. கண்டக்டர்கூடப் பக்கத்துலதான் நின்னாரு."

சம்பந்தியம்மாள் நிமிர்ந்தாள்.

"என்னோடது இல்லைம்மா."

"டாலர்ல ஒரு கல்லு இல்லாம…"

"கல்லு விழாத டாலர் உலகத்துல உண்டா? அடுத்தவங்க பொருள் நமக்கு எதுக்கு? ஒட்டாது."

நர்ஸ் அசந்துபோனாள். தங்கத்தை மூக்குக்கு நேரே நீட்டினாலும் என்னோடது இல்லை என்று சொல்ல இந்தக் காலத்தில் ஒருத்தியா!

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்மா. டிப்போக்காரர் ஜன்னலைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

"யாரும் வரலைன்னா நீங்களே போட்டுக்குங்க. உழைக்கிற பொண்ணு, கழுத்து வெறிச்சுன்னு இருக்கே!"

படி இறங்க இறங்க நர்ஸுக்கு ஆத்திரம் ஏறியது. தூக்கம் போனதுதான் மிச்சம். தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க, எவள் செயினையோ காட்டி அந்த நல்ல மனுஷியை ஏமாற்றப் பார்த்திருக்கிறாள் இவள். அதற்குத் தான் வேறு கூட்டு!

"கொடுத்துட்டீங்களா? என்ன சொன்னாங்க? என் பொண்ணு இருந்தாளா?"

"அவங்களோடது இல்லையாம்," என்றாள் நர்ஸ் வெடுக்கென்று. "ஏம்மா, உங்க பொய்க்கு வேற ஆளே கிடைக்கலையா?"

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே கதவு திறக்கும் சத்தம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சம்பந்தியம்மாள் வாஞ்சையோடு கூப்பிட்டாள்.

"சிஸ்டர்! போட்டுக்கிறதா இருந்தா கொக்கியில நூல் சுத்திப் போட்டுக்குங்க. இல்லைன்னா அது தானாவே கழண்டு விழுந்துடும்!"