இடுப்பளவு

தையல்காரர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு நாடாவை இடுப்பில் சுற்றினார். நாற்பது அங்குலம். நாடாவை உதறிவிட்டு மறுபடியும் சுற்றினார். அதே நாற்பதுதான்.

"ஊர் இடுப்பையெல்லாம் அளந்தாச்சு. சொந்த இடுப்பு மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரிக்கப் பார்த்தார். எதிரே நின்ற மச்சான் சிரிக்கவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இரண்டு பேரும் இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார்கள். உள்ளறையில் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மகள் பாப்பா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை.

அவளுடைய கல்லீரல் கெட்டுப்போய் ஏழு மாதம் ஆகிறது. அண்ணனின் ரத்தம் சேரவில்லை, புருஷனுடையது சேர்ந்தது. அவர் ஈரலில் ஒரு துண்டை எடுத்து வைத்தால் பிழைப்பாள். ஆனால் அவர் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. அது கரையாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் டாக்டரம்மா. கொடுக்கிறவருக்கும் கொஞ்சம் உயிராபத்து உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கே பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். "ஓட வைக்கிறது என் வேலை" என்றார் வாத்தியார். "சாப்பாடு என் வேலைண்ணே. வேற யாரும் அடுப்படிக்குள்ள வரக் கூடாது" என்றாள் தங்கை. சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள், ஆனாலும் யார் சொல்லியும் கேட்கவில்லை. அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேளா வேளைக்கு அவருக்குக் காய்கறி சூப் வைத்துக் கொடுத்தாள்.

ஆறு வாரம் ஓடிவிட்டது. இன்றைய ஸ்கேனில் கொழுப்பு இம்மியும் குறையவில்லை.

"தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓட விட்டேனே மாப்ள! நீங்க ஓடுன ஓட்டத்துக்கு இந்நேரம் எலும்பும் தோலுமா நிக்கணும்."

"நான் ஏமாத்தலையே மச்சான். நீங்களும் கூடத்தானே ஓடி வந்தீங்க."

"ஓட்டத்துல ஏமாத்தல. டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சா? ஓட்டம் நல்லதுதான், ஆனா வாயக் கட்டுறதுதான் பெரிய பங்காம். ஒரு மணி நேரம் ஓடிக் கரைக்கிறத ரெண்டு நிமிஷத்துல தின்னுத் தீத்துடலாமாம்."

"வாயையும் கட்டிட்டுத்தானே இருக்கேன்! அவ வைக்கிற சூப்ப விட்டா பச்சத்தண்ணிதான். அது மட்டும் இவ்ளோ ருசியா இல்லேன்னா, நான் என்னிக்கோ கையத் தூக்கியிருப்பேன்."

வாத்தியார் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனார், குப்பைக்கூடையோடு வந்தார். அப்படியே தரையில் கவிழ்த்தார். கேரட் தோல், முட்டைக்கோஸ் தண்டு, அவற்றுக்கு அடியில் பொடிப்பொடியாக மடித்த வெள்ளித்தாள்கள். ஒன்றைப் பிரித்து மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்பக்கம் இன்னும் பிசுபிசுத்தது.

"வெண்ணெய்" என்றார். "என் தங்கச்சிக்கு வெண்ணெய் வாசம் பட்டாலே குமட்டும். பாப்பா அதத் தொட மாட்டா. இந்த வீட்டுல மிச்சம் யாரு மாப்ள?"

தையல்காரர் தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பாப்பா மேல சத்தியமா எனக்குத் தெரியாது மச்சான்."

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! என் ரத்தம் மட்டும் சேந்திருந்தா அன்னிக்கே போய்ப் படுத்திருப்பேன்."

பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். கத்தியை நினைத்துப் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறார் தையல்காரர். ஆனால் பயந்துகொண்டேதான் ஓடினார், பயந்துகொண்டேதான் பட்டினி கிடந்தார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றார். அந்தத் தடுமாற்றமே வாத்தியாருக்குப் போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடப் பையை இறக்கி வைக்காமல் வாசற்படியில் நின்றிருந்தாள் பாப்பா. ஏழு வயது. "அப்பா, நீ திருட்டுத்தனமா தின்னியா?" என்று கேட்டாள்.

தையல்காரர் அழுதுவிட்டார்.

வாத்தியார் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். அதுவரை இருந்த மரியாதை காற்றில் போனது. "இன்னும் ரெண்டே வாரம்தான் கெடு. அதுக்கு மேல அவ உடம்பு தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. என் தங்கச்சி செத்தா கொன்னது நீதான்!"

உள்ளறையிலிருந்து செருப்பு தேயும் சத்தம் வந்தது. மஞ்சள் பூத்த கண்களோடு, சுவரைப் பிடித்தபடி அவள் வந்தாள். பாப்பாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே அனுப்பினாள். பிறகு கணவனின் காலரிலிருந்து அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

இரண்டு பேர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. தரையில் கிடந்த வெள்ளித்தாளையே பார்த்தாள்.

"அவர விடுண்ணே, தினமும் சூப்புல வெண்ணெயக் கரைச்சது நான்தான்... பாப்பாவுக்கு ஒருத்தராவது மிஞ்சணும்ல?"