கதவு தட்டும் நிரல்

"மனுஷன் இதுவரைக்கும் கேட்டதுல உருப்படியான கேள்வி ரெண்டே ரெண்டுதான். 'நான் யாரு?'ங்கிறது ஒண்ணு. 'இந்த மெஷின்ல எந்த டிஸ்க் எங்க மாட்டியிருக்கு?'ங்கிறது இன்னொண்ணு," என்றார் வெண்டல் கிட்ரெட்ஜ்.

"ரெண்டாவதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, வெண்டல். பதினோரு மணிக்கு எனக்குப் பல் டாக்டர்," என்றார் கான்ஸ்டன்ஸ் பார்டன்.

பாஸ்டன் பக்கத்திலிருந்த அந்த மென்பொருள் நிறுவனத்துக்குக் கான்ஸ்டன்ஸ்தான் தலைமை. கணினியின் டிஸ்க்குகளில், அதாவது வட்டுகளில், எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும் நிரல் ஒன்றை அவர் வெளியிட வேண்டும். யூனிக்ஸ் இயங்குதளம் உள்ள எந்தக் கம்பெனிக் கணினியில் போட்டாலும் அது ஓட வேண்டும். கிட்ரெட்ஜ் எழுதியதா, எல்மர் ஹோல்ம் எழுதியதா என்று இன்று முடிவாகும். ஜெயிக்கிறவருக்குத் துறைத் தலைவர் பதவி, கூடவே ஜன்னல் வைத்த அறை. பதினோரு வருடமாகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த கிட்ரெட்ஜுக்குப் பதவியைவிட ஜன்னல் பெரிது.

சிக்கல் இதுதான். எந்தெந்த வட்டு மாட்டியிருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருந்தது. ஒருவர் அதை ஒரு கோப்பில் எழுதி வைப்பார். இன்னொருவர் வேறு பெயரில், வேறு தினுசில் எழுதி வைப்பார். மூன்றாமவரிடம் கோப்பே கிடையாது; நேரில் போய்க் கேட்டால்தான் வாயைத் திறப்பார்.

"எல்மர் என்ன பண்றாரு? மெஷின்கிட்டப் போய், 'நீ எந்தக் கம்பெனி?'னு ஜாதகம் கேக்குறாரு. நான் கேக்க மாட்டேன். நேரா கதவைத் தட்டுவேன். முதல் கதவு திறக்கலையா, ரெண்டாவது. பட்டியலைக் கேக்க ஆறு வழி, மொத்தம் ஆறு கதவு. ஏதாவது ஒண்ணு திறந்தே ஆகணும்," என்றார் கிட்ரெட்ஜ்.

"போலீஸ் வர்ற வரைக்கும்," என்றார் எல்மர். மூன்று மாதமாகத் தன் நிரலைப் பதிந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் அலுவலகங்களாக ஏறி இறங்கியதில் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"உங்களோடது எத்தனை மெஷின்ல ஓடுது, எல்மர்?"

"ரெண்டுல, கான்ஸ்டன்ஸ். மூணாவதுலயும் ஓடுது. ஆனா டிஸ்க்கே இல்லைங்குது."

கிட்ரெட்ஜ் எதிராளிக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்தார். கணினிகளுக்குக் கடல்வாழ் உயிர்களின் பெயர் வைப்பது அந்த அலுவலகத்து வழக்கம். அவர் மேசையில் இருந்தது திமிங்கலம். நண்டு, இறால், சிப்பி, கணவாய் நான்கும் வேறு வேறு கம்பெனிச் சரக்கு. அவற்றுக்குக் கீழ்த்தளத்தில் இடம். அங்கே இறங்கிப் போகும் பழக்கம் கிட்ரெட்ஜுக்கு இல்லை. திரையில் பெயரைத் தட்டினால் கணினியே வந்து கைகட்டி நிற்கும்போது படியிறங்குவானேன்?

முதலில் திமிங்கலம். நிரல் ஓடியது. பட்டியல் பளிச்சென்று வந்தது.

"அடுத்து நண்டு." பெயரைத் தட்டினார். நிரலை அங்கே ஏற்றப் போனால் அது ஏற்கெனவே இருந்தது. "பாத்தீங்களா, கீழ இருக்கிற நோர்மா முன்னாடியே ஏத்தி வச்சிருக்காங்க. எனக்குன்னா இந்த ஆபீஸ்ல ஒரு மரியாதை."

நண்டிலும் ஓடியது. இறாலில் ஓடியது. சிப்பியில் விரல் எடுக்குமுன் ஓடி முடித்தது. கணவாயிலும் நோர்மா மறக்காமல் ஏற்றி வைத்திருந்தார்.

எல்மர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எந்தக் கதவு திறந்துச்சு, வெண்டல்?"

"முதல் கதவு."

"அஞ்சுலயுமா?"

"அஞ்சுலயும். முதல் தட்டுலயே."

"நான் அலைஞ்ச இடத்துல எல்லாம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே."

"தட்டுற விதம்னு ஒண்ணு இருக்கு, எல்மர்."

"அப்ப மிச்ச அஞ்சு கதவை எதுக்கு எழுதினீங்க?" என்று கேட்டார் கான்ஸ்டன்ஸ்.

"ஒரு அடக்கத்துக்காக," என்றார் கிட்ரெட்ஜ்.

கான்ஸ்டன்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, முடிஞ்சுது. வெண்டலோடது வெளிய போகுது. ஜன்னல் ரூமை எடுத்துக்கங்க."

எல்மர் கை கொடுத்தார். தோற்றவர் கையை எவ்வளவு நேரம் பிடித்துக் குலுக்கினால் பெருந்தன்மை என்று கிட்ரெட்ஜுக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குலுக்கினார். "மனசுல வச்சுக்காதீங்க. என் பழைய ரூமை நீங்க எடுத்துக்கலாம். சுவர் நல்ல சுவர்."

கான்ஸ்டன்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நோர்மா டிபெட்ஸ் வந்து நின்றார். கையில் ஒரு ரசீது, தலைமுடியெல்லாம் அட்டைப்பெட்டித் தூசி.

"யாராவது கையெழுத்துப் போடுங்க. நண்டு, இறால், சிப்பி, கணவாய், நாலும் இப்பதான் லாரியில வந்து இறங்கியிருக்கு. பெட்டியைப் பிரிக்கட்டுமா?"

அவை வந்து சேரும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று, எந்தப் பெயரைத் தட்டினால் எந்தக் கணினி வர வேண்டும் என்று சொல்லும் முகவரிப் பட்டியலில் அந்த நான்கு பெயர்களுக்கும் நேரே திமிங்கலத்தின் முகவரியைப் போன மாதம் எழுதி வைத்தவர் கிட்ரெட்ஜ்தான்.